எஃப் ஏழில் யார்

காற்று பிறக்கும் ஊர் என்று லியெபாயாவைச் சொல்வார்கள்.
பிறக்கட்டும்.
நூலக ஜன்னல் இடுக்குகளில்
பழைய செய்தித்தாளைத் திணித்துவிட்டுத்தான்
நாங்கள் பலகை விரிப்போம்.

நாலாவது பலகை. எனக்குக் கருப்பு.
எதிரே குல்டீகாவிலிருந்து வந்த பல் மருத்துவர் ஸ்கைட்ரீட்டே.
கையுறைகளைக் கழற்றிக் கடிகாரத்துக்கு அருகே
விரல்மேல் விரல் பொருந்த வைத்தார்.

'இன்றைக்கு அது வேண்டாம்'
என்றிருந்தான் அணித்தலைவன் குன்வால்டிஸ், வரும்போதே.
அது என்றால் எது என்று நான் கேட்கவில்லை.

அவர் ராஜாவின் சிப்பாய்.
நானும் ராஜாவின் சிப்பாய்.
அவர் குதிரை.
நான் அது.

எஃப் வரிசைச் சிப்பாய், இரண்டு கட்டம்.
எங்கள் நாட்டின் பெயர் ஒட்டிய தொடக்கம் என்பதால்
ஆடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.
டிராம் பணிமனையில் வாரம் ஐந்து நாள்
பிரேக் கட்டைகளின் தேய்மானம் அளப்பவன் நான்.
தேய்ந்து முடியும் முன்பே மாற்றிவிட வேண்டும்,
அதுதான் விதி.
ஞாயிற்றுக்கிழமையாவது
சரிவில் கொஞ்சம் விட்டுப் பார்க்கக் கூடாதா?

குறைகள் தெரியாமல் இல்லை. மனப்பாடம்.
அந்த ஒரு நகர்த்தலில்
ராஜாவின் கன்னத்துக்கு நேராக ஒரு மூலைவிட்டம் திறக்கிறது.
நடுவில் நிற்கும் சிப்பாய்க்கு இன்னும் துணை இல்லை.
காய் ஒன்றுகூட வெளியே வரவில்லை.
போனவனோ, திரும்பி நடக்கத் தெரியாதவன்.

ஆனால் என்னிடம் வலைகள் உண்டு.
மந்திரியை அவர் முந்தி அனுப்பினால்
என் ராணி வெள்ளையின் வலது மூலைவரை மேய்ந்து வருவாள்.
குதிரை பேராசைப்பட்டால்
ஒற்றைச் சிப்பாய் இரண்டு குதிரைகளைக் கவ்வும்.
டீக்கறை படிந்த ஒரு நோட்டு முழுக்க
இவைதான் எழுதியிருக்கிறேன், பச்சை மையில்.

ஸ்கைட்ரீட்டே நடுச் சிப்பாயை எடுத்தார்.
எடுத்த குதிரையைப் பின்வாங்கினார்.
இன்னொரு குதிரையை வெளியே கொண்டுவந்தார்.
இப்போது, இப்போது என்று
மேஜைக்கடியில் என் முழங்கால் ஆடியது.
முதல் குதிரையை இன்னும் ஓரடி பின்னுக்கு இழுத்தார்.
சண்டைக்கு வந்தவனை
உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பதுபோல.

அதற்குப் பிறகு எதுவும் வெடிக்கவில்லை.
இதைத்தான் சொல்ல வந்தேன்.
பலி இல்லை, பாய்ச்சல் இல்லை,
நோட்டில் எழுதிய எதுவும் இல்லை.
என் ராஜாவுக்கு முன்னால் வரிசை சும்மா திறந்தது.
அதில் ஒரு வெள்ளை யானை வந்து நின்றது,
பேருந்துக்கு நிற்கிறவரைப் போல.
ஜன்னலில் திணித்த தாள் மெல்ல அசைந்தது.

என் ராணி எஃப் ஏழில்.
அவளை எங்கே அனுப்ப நினைத்தாலும்
பின்னால் ஏதோ ஒன்று சரிந்தது.
அங்கேயே நின்றாள், நின்றாள்,
நான் முப்பத்தோராம் நகர்த்தலில் கடிகாரத்தை நிறுத்தும்வரை.

ஆட்டம் முடிந்தபின்
என் வலைகளையெல்லாம் அவருக்கு விரித்துக் காட்டினேன்:
இங்கே இப்படி எடுத்திருந்தால்,
அங்கே அப்படித் தடுத்திருந்தால்.
அவர் நிஜமாகவே வியந்தார்.
'இதில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை' என்றார்.
'ராணி ஏன் நகரவே மாட்டேன் என்கிறாள் என்று மட்டும் யோசித்தேன்.
அந்தக் கட்டத்தில் முதலில் யார் நின்றார்கள்?'

நான் பதில் சொல்லவில்லை.
கையுறை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்:
'பல் ஒன்றை எடுத்துவிட்டால் வலி இரண்டு நாள்தான்.
பக்கத்துப் பற்கள் சாய்வதற்கு வருடங்கள் ஆகும்.'
பிறகு குல்டீகா பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று
ஓடினார்.

இரண்டுக்கு இரண்டு என்று எழுதினான் குன்வால்டிஸ்.
வேறெதுவும் பேசவில்லை, டிராம் ஏறும்வரை.
பாலத்தின் மேல் பிரேக் கிறீச்சிட்டது.
இடது முன்சக்கரம். நாளைக்கு மாற்ற வேண்டும்.

'அடுத்தது வென்ட்ஸ்பில்ஸ்' என்றான்.
'உனக்கு மறுபடி கருப்பு.'

நான் ஜன்னல் வழியாகக் கால்வாயைப் பார்த்தேன்.
அவன் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டான்.